வீட்டில் பதிவு செய்த பேரோசை இசையைச் சீர்ப்படுத்தும் முறை

பாட்டைப் பதிவு செய்வதற்கு நகரத்து ஒலிப்பதிவு நிலையங்களையே நாடவேண்டும் என்றிருந்த காலம் மாறிவிட்டது. ஒரு கம்ப்யூட்டரும், ஒலிவாங்கியை அதனுடன் இணைக்கும் சிறு பெட்டியும், ஒரு ஹெட்போனும் இருப்பின் வீட்டு அறையே பதிவு நிலையமாகிவிடுகிறது. 2022 வரை சித்தூர் மாவட்டத்தில் இருந்து, இன்று திருப்பதி மாவட்டத்தைச் சேர்ந்துள்ள வரதய்யபாளையம் போன்ற எல்லைப்புற ஊர்களிலும் இவ்வசதி கிட்டும். ஆயினும் பதிவு செய்வது வேறு; பதிவான பல ஒலிகளை ஒன்றுசேர்த்துத் தெளிவாகக் கேட்கச் செய்வது வேறு. பின்னதற்கு ஒலியியலின் சில விதிகளை அறிந்திருத்தல் இன்றியமையாதது.

இவ்விதிகள் மிகக் கடுமையாகச் சோதிக்கப்படுவது, மேனாட்டில் ‘எக்ஸ்ட்ரீம் மெட்டல்’ என வழங்கும் பேரோசை இசையிலாகும். 1980களில் வளர்ந்த இவ்விசையில் முறுக்கேற்றிய கிடார்கள், மிக விரைந்த டிரம் முழக்கம், உறுமல் போன்ற குரல் ஆகியவை ஒரே சமயத்தில் ஒலிக்கும். 1992இல் சிங்கப்பூரில் தோன்றிய ‘ருத்ரா’ என்னும் குழு இவ்விசையுடன் வடமொழி மந்திரங்களையும் இந்திய இசைக் கருவிகளையும் இணைத்துப் புகழ் பெற்றது. இத்தகைய பாட்டை வீட்டில் பதிவு செய்வோர் பெரும்பாலும் கூறும் குறை ஒன்றே: தனித்தனியே கேட்டால் ஒவ்வொரு கருவியும் நன்றாக ஒலிக்கிறது, சேர்த்துக் கேட்டால் ஒரே இரைச்சலாகிவிடுகிறது. இதன் காரணங்களை ஒவ்வொன்றாக ஆராயலாம்.

ஒன்றை மற்றொன்று மறைத்தல்

ஓர் ஒலி உரக்க ஒலிக்கும்போது அதனை அடுத்த அதிர்வெண்ணுள்ள மெல்லிய ஒலி செவிக்குப் புலனாவதில்லை. 1924இல் அமெரிக்காவில் வெகல், லேன் என்னும் இருவர் இதனை அளந்து வெளியிட்டனர். தாழ்ந்த ஒலி உயர்ந்த ஒலியை மறைப்பது எளிது. உயர்ந்த ஒலி தாழ்ந்ததை மறைப்பது அரிது என்பது அவர்கள் கண்ட முக்கியமான உண்மையாகும்.

கிடாரின் தாழ்ந்த தந்தி வழக்கமாக வினாடிக்கு 82 அதிர்வுகள் கொண்டது. பேரோசை இசையில் அதனைத் தளர்த்தி 62 வரையிலும் இறக்குவர். பேஸ் கிடாரின் தாழ்ந்த தந்தி வழக்கத்தில் 41 அதிர்வுகளையும், தளர்த்திய நிலையில் 31 அதிர்வுகளையும் உடையது. காலால் மிதித்து முழக்கும் பெரிய டிரம்மின் அடியோசையும் 50 முதல் 80 வரையில் அமைகிறது. ஆக, மூன்று கருவிகள் ஒரே குறுகிய இடத்தில் நெருங்கி நிற்கின்றன. இவை மூன்றையும் உரக்க வைத்தால் ஒன்றும் விளங்காது. மேலே உள்ள குரலும் மறைந்துபோகும்.

பரிகாரம், ஒவ்வொன்றுக்கும் தனி இடம் ஒதுக்குவதே. கிடாரில் ஏறத்தாழ 80 முதல் 100 அதிர்வுகளுக்குக் கீழ்ப்பட்ட பகுதியை வடிகட்டி நீக்கிவிடலாம். தனியே கேட்கும்போது கிடார் மெலிந்ததுபோல் தோன்றும். ஆனால் பேஸ் கிடாருடன் சேரும்போது அக்குறை தெரியாது. உறுமும் குரலுக்குத் திட்டமான சுருதி இல்லை. சொற்களை அறிவிப்பவை பெரும்பாலும் 2000 முதல் 5000 அதிர்வுகள் வரையுள்ள மெய்யொலிகளே. அப்பகுதியில் கிடாரை 2 அல்லது 3 டெசிபல் குறைத்தால் சொற்கள் தெளிவு பெறும். ஒன்றை உயர்த்துவதைக் காட்டிலும் மற்றொன்றைத் தாழ்த்துவதே சிறந்தது என்பதை நினைவிற்கொள்ள வேண்டும்.

விரைந்த முழக்கமும் மிருதங்கமும்

நிமிடத்துக்கு 200 தாளம் என்னும் வேகத்தில், தாளத்துக்கு நான்கு அடியாக இரு கால்களாலும் முழக்கினால் வினாடிக்குச் சுமார் 13 அடிகள் விழும். இரு அடிகளுக்கு இடையே உள்ள காலம் வினாடியில் ஆயிரத்தில் 75 பங்கே. 50 அதிர்வுள்ள ஓசை இதற்குள் நான்கு முழு அதிர்வுகளைக்கூட முடிக்க இயலாது. எனவே டிரம்மின் கார்வை நீண்டிருந்தால் அடுத்த அடி அதன்மேல் விழுந்து, முழக்கம் தொடர்ந்த உறுமலாகிவிடும். கார்வையைச் சுருக்கி, தோலில் கட்டை படும் ‘டக்’ என்னும் ஓசையை 3000 முதல் 5000 அதிர்வுகள் வரையுள்ள பகுதியில் சற்று உயர்த்தினால் ஒவ்வோர் அடியும் தனித்துக் கேட்கும்.

இவ்வுண்மை நம் நாட்டவர்க்குப் புதிதன்று. மிருதங்கத்தில் தொப்பி கனத்த ஓசையையும் வலந்தலை கூரிய ஓசையையும் தருகின்றன. வலந்தலையின் நடுவில் இடும் கருமையான மருந்து, தோலின் மேலோசைகளை முழு எண் விகிதத்தில் அமையச் செய்கிறது என்பதைச் சர் சி. வி. ராமன் 1920இல் வெளியிட்டார். மேனாட்டு டிரம்முக்கு இவ்வமைப்பு இல்லாமையால் அதன் மேலோசைகள் சுருதியோடு இணைவதில்லை. தேவையற்ற மேலோசைகளை வடிகட்டியே குறைக்கவேண்டியுள்ளது.

முறுக்கின் அளவு

கிடார் ஒலியை மின்பெருக்கியில் அளவுக்கு மீறிப் பெருக்கும்போது அலைகளின் முகடுகள் வெட்டுண்டு புதிய மேலோசைகள் பிறக்கின்றன. இதுவே இவ்விசைக்குரிய முறுக்கு ஒலி. முறுக்கு மிகுந்தால் அடிக்கும் ஒவ்வொரு சுரமும் மழுங்கிவிடும். பதிவின்போது முறுக்கைக் குறைத்து, அதே பகுதியை இருமுறை வாசித்து, ஒன்றை இடப்புறமும் மற்றொன்றை வலப்புறமும் வைப்பது நல்ல வழி. இரு வாசிப்புகளுக்கும் இடையே உள்ள நுண்ணிய வேறுபாடுகளே அகலத்தைத் தருகின்றன. ஒரே பதிவை நகல் செய்து இருபுறமும் வைத்தால் ஒலி நடுவிலேயே நிற்கும்.

முகடு வெட்டுண்பது கம்ப்யூட்டரின் பதிவில் நேர்ந்தால் அது தீங்கே. 24 பிட் பதிவில் கோட்பாட்டளவில் சுமார் 144 டெசிபல் இடைவெளி உண்டு. ஆகையால் உச்ச அளவுக்கு 6 முதல் 10 டெசிபல் கீழே முகடுகள் நிற்குமாறு பதிவு செய்தால் எந்த நஷ்டமும் இல்லை.

அறை செய்யும் மாயம்

பதிவைச் சீர்ப்படுத்துவோரைப் பெரிதும் ஏமாற்றுவது அவர் அமர்ந்திருக்கும் அறையே. 12 அடி நீளமும், 10 அடி அகலமும், 10 அடி உயரமும் கொண்ட காரைச் சுவர் அறையை எடுத்துக்கொள்ளலாம். 30 டிகிரி சென்டிகிரேடு வெப்பத்தில் ஒலி வினாடிக்கு 349 மீட்டர் செல்லும். எதிரெதிர்ச் சுவர்களிடையே அரை அலை அடங்கும் அதிர்வெண்ணில் அறை ஒத்திசைகிறது. இக்கணக்கின்படி நீளத்தில் 48 அதிர்வுகளும், அகலத்தில் 57 அதிர்வுகளும் பொலிவு பெறும். உயரமும் அகலமும் சமமாக இருப்பதால் 57 அதிர்வுகள் இருமடி வலுப்பெறுகின்றன.

இவ்வாறு ஒத்திசையும் ஒலி சுவரோரம் ஓங்கியும் நடுவில் ஓய்ந்தும் இருக்கும். அறையின் சரிநடுவில் அமர்ந்து கேட்பவர் கனத்த ஓசை போதவில்லை என்று எண்ணி அதனை உயர்த்துவார். அதே பாட்டு வேறோர் இடத்தில் வண்டி உருளுவதுபோல் அதிரும். எனவே நடுவையும் மூலையையும் தவிர்த்து அமர்தல் வேண்டும். சுவரில் முட்டை அட்டைகளை ஒட்டினால் போதும் என்பது தவறான நம்பிக்கை. 57 அதிர்வுள்ள ஒலியின் கால் அலை 1.5 மீட்டர், மெல்லிய அட்டையால் அதனைத் தடுக்க முடியாது. மூலைகளில் கனமான பஞ்சு மெத்தைகளை அடுக்குவது ஓரளவு பயன் தரும். தாழ்ந்த ஓசையை மட்டும் ஹெட்போனிலும் கேட்டு ஒப்பிடுவது நலம்.

மின்சார இரைச்சலும் கவனிக்கத்தக்கது. நம் நாட்டு மின்சாரம் வினாடிக்கு 50 சுழற்சிகள் கொண்டது. கிடாரின் கம்பிச்சுருள் 50, 100 அதிர்வுள்ள ரீங்காரத்தை ஈர்த்துக்கொள்ளும். மின்மாற்றிகளை விலக்கி வைக்க வேண்டும். இரைச்சலைப் போக்கும் பொருட்டு மூன்று முனைப் பிளக்கின் தரை முனையை நீக்குவது உயிருக்கே ஆபத்தாகும், ஒருபோதும் செய்யலாகாது.

செவியைக் காத்தல்

தாழ்ந்த ஒலியையும் மிக உயர்ந்த ஒலியையும் மெல்லிய நிலையில் செவி குறைவாகவே உணர்கிறது என்பதை ஃபிளெட்சர், மன்ஸன் என்போர் 1933இல் நிறுவினர். உரக்க வைத்துக் கேட்டால் எல்லாப் பாட்டும் நிறைவாகத் தோன்றும், குறைகள் மறையும். ஆதலால் பேச்சுக்குரல் அளவில் கேட்டுச் சமன்செய்வதே உண்மையைக் காட்டும்.

இதனினும் பெரிய காரணம் ஒன்றுண்டு. பெரியவர்கள் 80 டெசிபல் அளவில் வாரத்துக்கு 40 மணி நேரம் கேட்கலாம் என உலகச் சுகாதார நிறுவனம் வரையறுத்துள்ளது. ஒவ்வொரு 3 டெசிபல் உயர்வுக்கும் இக்காலம் பாதியாகும். 89 டெசிபலில் 5 மணி நேரமே. உட்செவியின் நுண்மயிர்ச் செல்கள் அழிந்தால் மீண்டும் முளைப்பதில்லை. ஒரு பாட்டைச் செம்மை செய்யப் பல இரவுகள் ஹெட்போனுடன் அமரும் இளைஞர், அப்பாட்டைக் கேட்கும் ஆற்றலையே இழக்க நேரலாம். காதில் ரீங்காரம் எழுந்தால் அன்றைய வேலையை நிறுத்திவிட வேண்டும்.

பள்ளியில் செய்யத்தக்க சோதனை

அறையின் இயல்பை ஆசிரியர்கள் எளிதில் செய்து காட்டலாம். ஒலிபெருக்கி ஒன்றை ஒரு மூலையில் வைத்து, அறையின் நீளத்துக்கேற்ற அதிர்வெண்ணைக் கணக்கிட்டு மெதுவாக ஒலிக்கச் செய்க. மாணவர்கள் சுவரிலிருந்து நடுவை நோக்கி நடந்தால் ஒலி தேய்வதையும், எதிர்ச்சுவரை அணுகும்போது வளர்வதையும் தாமே உணர்வர். மாணவர் நின்ற இடங்களைத் தரையில் சுண்ணாம்புக் கட்டியால் குறித்து, கணக்கிட்ட அளவுடன் ஒப்பிடச் செய்வது ஒலியியல் பாடத்துக்கு ஏற்ற பயிற்சியாகும்.