வாற்கோதுமையின் காட்டு மூதாதை

ஜோர்டான் பள்ளத்தாக்கிலிருந்து சிரியா, தென்கிழக்குத் துருக்கி வழியாக ஈரானின் ஸாக்ரோஸ் மலையடிவாரம் வரையில், பாறைச் சரிவுகளில் தானாகவே முளைத்து, கோடையின் தொடக்கத்தில் முற்றி நிற்கும் காட்டு வாற்கோதுமையின் கதிரைக் கைபட அசைத்தால் போதும். நுனியிலிருந்து கணுக்கணுவாக முறிந்து, மணிகள் நெடிய கூர்களோடு மண்ணில் விழுந்து, அக்கூர்களின் நுண்ணிய முட்களால் நிலத்துக்குள் புகுந்துகொள்ளும். சுமார் 10,000 ஆண்டுகளுக்கு முன் அப்பிரதேசத்து மக்கள் கதிர் உதிராத அபூர்வச் செடிகளின் மணிகளையே திரும்பத் திரும்ப விதைத்ததன் பயனாகத்தான் இன்றைய பயிர் உண்டாயிற்று. அவர்கள் கைக்கு அகப்பட்டவை சில செடிகளே. எஞ்சிய குணவிசேஷங்கள் அநேகம் காட்டிலேயே தங்கிவிட்டன.

அவற்றுள் ஒன்று மால்ட் தயாரிப்போருக்குப் பெரிதும் வேண்டியது. தானியத்தை ஊறவைத்து, முளைகட்டி, தக்க தருணத்தில் சூடான காற்றில் உலர்த்தினால் மால்ட் கிடைக்கிறது. அதைப் பொடித்து வெந்நீரில் கலக்கும்போது, தானியத்தின் நொதிகள் மாச்சத்தைச் சர்க்கரையாக மாற்றுகின்றன. ஆனால் மாச்சத்து நன்கு இளகுவதற்கு 60 டிகிரி செல்ஸியஸுக்கு மேற்பட்ட உஷ்ணம் வேண்டும். மால்டோஸ் சர்க்கரையைத் தரும் பீட்டா-அமிலேஸ் என்ற நொதியோ அந்த உஷ்ணத்திலேயே விரைவில் செயலற்றுப் போகிறது. வேலை கனிந்து வரும் நேரத்தில் வேலையாள் மாண்டுபோகும் இச்சங்கடத்துக்குக் காட்டில் ஒரு பரிகாரம் இருந்தது. சாகுபடி ரகங்களில் காணப்படுவதைவிட அதிக வெப்பத்தைத் தாங்கும் பீட்டா-அமிலேஸ் காட்டு வாற்கோதுமையில் உண்டென்று ஆஸ்திரேலிய விஞ்ஞானிகள் 1998-ல் அறிவித்தனர்.

கண்டது போதாது, அதைப் பயிருக்குள் கொண்டுவரவும் வேண்டும். காட்டுச் செடியோடு கலப்புச் செய்தால் விரும்பிய குணத்தோடு கதிர் உதிர்வதும், விதை நெடுநாள் உறங்குவதும், விளைச்சல் குன்றுவதும் கூடவே வந்து சேரும். ஆகையால் சந்ததியை நல்ல ரகத்தோடு மறுபடியும் கலந்து, வேண்டாதவற்றைக் கழித்துவரும் நீண்ட பொறுமை தேவைப்படுகிறது. ஜெர்மனியின் ஹாலே பல்கலைக்கழகத்தார் 25 காட்டு வகைகளை ‘பார்க்கே’ என்ற மால்ட் ரகத்தோடு இவ்வாறு கலந்து உண்டாக்கிய 1,420 வழித்தோன்றல்கள், எந்தக் குணம் எந்த மரபணுவோடு சேர்ந்து வருகிறதென்று ஆராய்வோருக்கு இன்று பெருந்துணையாக இருக்கின்றன.

காட்டு வகைகளாகிய இந்தச் செல்வம் எத்தனை சுலபமாகக் கைநழுவக்கூடும் என்பதைச் சிரியாவின் யுத்தம் காட்டிற்று. அலெப்போ அருகிலிருந்த இக்கார்டா என்ற சர்வதேச வேளாண் ஆய்வு மையத்தின் விதைக் களஞ்சியத்தைப் பயன்படுத்த முடியாமற் போனபோது, முன்யோசனையோடு நார்வேயின் ஸ்வால்பார்டு விதைப் பெட்டகத்தில் சேமித்திருந்த விதைப் பிரதிகளை 2015-ல் திரும்பப் பெற்று, மொராக்கோவிலும் லெபனானிலும் விதைத்து மீண்டும் பெருக்கினார்கள். அவ்வாறு பெருக்கியதில் ஒரு பங்கு 2017-ல் ஸ்வால்பார்டுக்கே திரும்பிச் சென்றது.