எழுத்தை வளைத்துப் பாருங்கள்

கோயம்புத்தூரில் 1911இல் பிறந்தவர் மலையாள ஓவியர் கே.சி.எஸ். பணிக்கர். சென்னை ஓவியக் கல்லூரியில் இருந்தபோது ஒரு மாணவரின் கணக்கு நோட்டு அவர் கண்ணில் பட்டது. எண், எழுத்து, கோணம், கோடு எல்லாம் ஒரே தாளில்! 1963இல் அவர் தொடங்கிய 'சொற்களும் குறியீடுகளும்' ஓவிய வரிசைக்கு அந்தத் தாள்தான் வித்து. ஜாதகக் கட்டம் போலச் சதுரங்கள். சுற்றிலும் மலையாளச் சாயலில் நுணுக்கி நுணுக்கி எழுத்து. எழுத்துக்கூட்டிப் படிக்கப் போனால் ஒன்றும் பிடிபடாது. அது பார்ப்பதற்கு மட்டும்.

வடிவமைப்புக் கூடங்களில் இப்போது நடக்கும் எழுத்துச் சோதனைகளும் இந்த வகைதான். யாரும் கேட்டுச் செய்வதில்லை. கை பழக, கண் பழகச் செய்வது. பார்சிலோனாவில் 2014இல் தொடங்கிய ஒரு சவாலில் நாளுக்கு ஒன்றாக 26 ஆங்கில எழுத்து, 10 எண், மொத்தம் 36 நாள். தமிழின் 247 எழுத்தோடு நாம் இறங்கினால் எட்டு மாதம் தாண்டும், அது வேறு கதை. கொச்சியில் 2023இல் பன்னாட்டு எழுத்தணி விழாவே நடந்தது. முன்னின்றவர் மலையாள எழுத்தோவியர் நாராயண பட்டதிரி.

கொல்லங்கோட்டு நேயர்களுக்குப் பயிற்சி வீட்டு வாசலிலேயே இருக்கிறது. ஊர்ப்பெயரைத் தமிழ், மலையாளம் இரண்டிலும் பெரிதாக எழுதுங்கள். முதல் எழுத்தில் கொம்பும் காலும் ககரத்துக்கு இருபுறமும் நிற்பது இரண்டுக்கும் பொது. தமிழ் புள்ளி வைத்துப் பிரிக்கும் 'ல்ல'வை மலையாளம் ஒரே கூட்டெழுத்தாகப் பிணைத்துவிடும். தமிழ் 'ல்ல'வையும் அப்படிப் பிணைக்க முடிகிறதா, புள்ளியை எங்கே வைப்பீர்கள்? பட்டை முனைப் பேனா இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் சுண்ணாம்புக்கட்டியைப் படுக்கவைத்து இழுங்கள்.