அணிலை நம்பியவர் வென்றார்

“உன்ரை மருமோனுக்கு நீதான் ஒருக்காப் புத்தி சொல்லவேணும்” என்று எமது தமக்கையார் தொலைபேசியிற் சொன்னபொழுது, இஃது அரைமணி நேரத்தில் முடிந்துவிடும் கருமம் என்றே நாம் எண்ணினோம். பையனுக்கு வயது பதின்மூன்று. பள்ளிக்கூடத்தில் வாய் திறவாதவன். வீட்டிலும் கேட்டதற்கு ஒரு சொல், கேளாததற்கு அதுவும் இல்லை. மாலையானதும் கணினியின் முன் அமர்ந்து ஏதோ பூதங்களைச் சண்டைக்கு விடுகிறானாம். படிப்புக் கெடுகிறது, கண் கெடுகிறது. ஆகையால் அந்த விளையாட்டை அடியோடு நிறுத்திவிடுவதென்று அத்தான் தீர்மானித்துவிட்டார். அதனைப் பக்குவமாக எடுத்துச் சொல்லும் பொறுப்பு மாமனாகிய எம் தலையில் விழுந்தது.

நாம் போனோம். புத்தி சொல்லி வந்தோமா, புத்தி கேட்டு வந்தோமா என்பதை வாசகர்களே முடிவு செய்யட்டும்.

பூச்சி பிடித்த சிறுவன்

அந்த விளையாட்டின் பெயர் போக்கிமொன். ‘சட்டைப்பைப் பூதங்கள்’ எனப் பொருள்படும் இரண்டு ஆங்கிலச் சொற்களைத் தறித்து ஒட்டி யப்பானியர் ஆக்கிய பெயர் அது. இதன் மூலகர்த்தா சத்தோஷி தஜிரி என்பவர். டோக்கியோவின் புறத்தேயுள்ள மச்சிதா என்னும் ஊரில் வளர்ந்த இவர், சிறுவயதிற் பூச்சி பிடிப்பதில் அடங்காத பித்துக் கொண்டவர். குளங்களும் பற்றைகளும் மறைந்து கட்டடங்கள் எழுந்த காலத்தில், தாம் துய்த்த அந்த இன்பத்தைப் பின்வந்த பிள்ளைகளுக்கும் கொடுக்க விரும்பினார். ‘கேம் பாய்’ என்னும் கையடக்க விளையாட்டுக் கருவிகள் இரண்டைக் கம்பியினால் இணைக்கலாம் எனக் கண்டபோது, பூச்சிகள் அக்கம்பி வழியே ஒன்றிலிருந்து மற்றதற்கு ஊர்ந்து செல்லும் காட்சி அவர் மனக்கண்ணில் தோன்றிற்றாம். அக்காட்சியே 1996 ஆம் ஆண்டு பெப்ரவரி 27 ஆந் திகதி யப்பானில் விளையாட்டாக வெளிவந்தது. அன்று 151 இனங்கள். இன்று ஆயிரத்துக்கு மேல். 2006 இல் வந்த பதிப்புகளோடு கம்பியும் வேண்டாததாயிற்று. இணையத்தின் வழியே எந்த நாட்டாரோடும் பொருதலாம் என்றாயிற்று.

பொருதும் முறை இதுதான். ஒவ்வொருவரும் ஆறு பிராணிகள் கொண்ட ஓர் அணியை அமைப்பர். ஒரு பிராணிக்கு நான்கு வித்தைகளே உண்டு. நெருப்பு, நீர், புல், மின்சாரம், பனி, நிலம் என்றவாறு இயல்புகள் இப்பொழுது 18. ஒரு பிராணிக்கு இவற்றுள் ஒன்றோ இரண்டோ அமைந்திருக்கும். நீர் நெருப்பை அணைக்கும்; நெருப்புப் புல்லை எரிக்கும்; புல் நீரை உறிஞ்சும். எதிரியின் இயல்பு எந்த அடிக்கு இளைத்ததோ அந்த அடி விழுந்தாற் சேதம் இருமடங்கு. அவனுடைய இரண்டு இயல்புகளும் அதற்கு இளைத்தவையாயின் நான்கு மடங்கு.

உலகப் போட்டிகளில் இந்த ஆட்டம் இரட்டையர் ஆட்டமாக நடைபெறுகின்றது. இரு திறத்தாரும் தத்தம் ஆறு பிராணிகளையும் முன்கூட்டியே காட்டிவிடுவர். பின்னர் அவற்றுள் நான்கை மட்டும் தெரிந்தெடுத்து, இரண்டிரண்டாகக் களத்தில் இறக்குவர்.

நாம் கட்டிய அணி

கண்டிப்பதற்கு முன் கண்டிக்கும் பொருளை ஒருமுறை பார்த்துவிடுவது முறையன்றோ? பையன் ‘போக்கிமொன் ஷோடவுன்’ என்னும் இணையத்தளத்தைத் திறந்தான். அது காசு கேளாதது. பிராணிகளைத் தேடிப் பிடிக்கும் அலைச்சலும் அங்கே இல்லை. பெயரை எழுதினாற் போதும், பிராணி ஆயத்தம்.

ஒவ்வோர் இனத்துக்கும் உயிர்வலு, தாக்கு, தற்காப்பு, சிறப்புத்தாக்கு, சிறப்புத்தற்காப்பு, வேகம் என ஆறு ஆற்றல்கள் எண்களாற் குறிக்கப்பட்டிருந்தன. நாம் கணக்கிற் புலியாதலால், ஆறையுங் கூட்டி, கூட்டுத்தொகை மிகுந்தவற்றையே தெரிந்தோம். கார்ச்சொம்ப், சலமென்ஸ், டிராகனைட் என்னும் மூன்றும் சீனத்துச் சித்திரங்களிற் காணும் பறவைநாகத்தின் சாதி. ஒவ்வொன்றும் 600 பெறுமதி. மற்றவையும் இவ்வாறே பருத்தவை. இப்படையை எவன் வெல்வான் என்று நாம் சாய்ந்து அமர்ந்தோம்.

பையன் வீவைல் என்னும் பூனை போன்ற ஒன்றை இறக்கினான். அதன் கூட்டுத்தொகை 510 தான். ஆனால் அது பனியின் இயல்புடையது. எமது நாகங்கள் மூன்றும் பனிக்கு நான்கு மடங்கு இளைத்தவை. போதாக்குறைக்கு அவற்றினும் அது வேகமானது. ஒன்று விழுந்தது, அதன் இடத்துக்கு மற்றது வந்து விழுந்தது, மூன்றாவதும் அவ்வழியே போயிற்று.

“பெரிய பெரிய ஆக்களாப் பாத்துச் சேர்த்துப்போட்டியள், மாமா. ஒருத்தருக்கு ஒண்டெண்டால் மற்றவர் என்ன செய்வார் எண்டு யோசிக்கேல்லை” என்றான் மருமகன். அவன் வாயிலிருந்து ஒருசேர இத்தனை சொற்கள் வந்ததை நாம் அன்றுதான் கேட்டோம்.

வாஷிங்டனில் ஓர் அணில்

பின்னர் அவன் ஒரு கதை சொன்னான். கதையன்று, நடந்த செய்தி.

2014 ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் அமெரிக்கத் தலைநகராகிய வாஷிங்டனில் உலகப் போட்டி நடைபெற்றது. பார்க் செ ஜுன் என்னும் தென்கொரிய இளைஞர் தமது அணியில் ஒரு சின்னஞ்சிறு அணிலைச் சேர்த்து வந்திருந்தார். அதன் பெயர் பச்சிரிசு. எம் காதில் அது பச்சரிசி என்றே விழுந்தது. மின்பொறி தெறிக்கும் ஓசையை யப்பானியர் ‘பச்சிபச்சி’ என்பர். ‘ரிசு’ என்றால் அணில். அதன் கூட்டுத்தொகை 405. அறுநூறும் அதற்கு மேலும் நடமாடும் களத்தில் அதனைக் கொண்டுவருவது, மாட்டுவண்டிச் சவாரியில் ஆட்டுக்குட்டியைப் பூட்டியதற்கு ஒப்பாகும்.

ஆயினும் அந்த அணிலுக்கு ஒரு வேலை இருந்தது. அதே அணியில் கியாரடோஸ் என்னும் நீர்ப்பெருநாகம் ஒன்று இருந்தது. நீர், பறத்தல் என்னும் இரண்டு இயல்புகள் உடைமையால் மின்சார அடிக்கு அது நான்கு மடங்கு இளைத்தது. எதிரி எவனாயினும் முதலில் தேடுவது மின்னலைத்தான். இங்கேதான் அணில் வருகின்றது. ‘என்னைத் தொடர்’ என்று பொருள்படும் ஒரு வித்தை அதற்கு உண்டு. அதனைச் செய்த சுற்றில், தோழனைக் குறிவைத்து விட்ட அடி திரும்பி அணிலின்மேல் விழும். மின்சார அடியாயின் இன்னும் நல்லது. அணில் அதனை உறிஞ்சிக்கொள்ளும். துன்பம் இல்லாததோடு, உயிர்வலுவிற் கால்பங்கு மீண்டும் ஊறும்! நாகத்தைக் கொல்ல வந்த அம்பு அணிலுக்கு உணவாகிவிடும்.

இன்னொரு நுட்பமும் உண்டு. பயிற்சியினால் ஒரு பிராணிக்குக் கொடுக்கக்கூடிய புள்ளிகள் மொத்தம் 510. அவற்றுள் ஓர் ஆற்றலுக்கு 252 இற்கு மேற் கொடுத்தல் ஆகாது. அஃதாவது இரண்டு ஆற்றல்களைத்தான் நிரப்பலாம். மாதச் சம்பளத்தைப் பங்கிடும் இல்லத்தரசிகளுக்கு இதனை விளக்க வேண்டியதில்லை. பார்க் தமது அணிலுக்கு உயிர்வலுவையும் தற்காப்பையும் நிரப்பினார். தாக்கும் பலத்துக்கு ஒன்றும் ஒதுக்கவில்லை. அதற்குக் கொடுத்த அடிகளும் பலத்தை நம்பாதவை. ஒரு கடியில் எதிரிக்கு எஞ்சியுள்ள உயிரிற் பாதி போகும். கடிப்பவன் எவ்வளவு நோஞ்சானாயினும் பாதி பாதிதான். இன்னொரு தீண்டலில் எதிரியின் உடம்பு மரத்து வேகம் குன்றும். அணில் அடியை வாங்கிக்கொண்டு நிற்க, பக்கத்தில் நின்ற பெருநாகம் தன் வேலையை முடித்தது.

அரங்கிலிருந்தோர் அணிலைக் காணுந்தோறும் ஆரவாரித்தனர். இறுதியாட்டத்தில் அமெரிக்க வீரரை வென்று பார்க் உலக வெற்றியாளரானார். சேதுவுக்கு மணல் சுமந்த அணிற்பிள்ளையின் கதையைத் தாய்மடியிற் கேட்ட எமக்கு, இந்தச் செய்தி புதிதாகத் தோன்றவில்லை. மறந்திருந்த ஒன்றை யாரோ ஞாபகப்படுத்தியது போலிருந்தது.

மீண்டும் தோல்வி

சூட்சுமம் கைவந்துவிட்டதென்று மகிழ்ந்து, நாமும் ஓர் அணிலை வரவழைத்தோம். எமது வீரனாகிய கார்ச்சொம்பின் பக்கத்தில் அதனை நிறுத்தினோம். அணில் முன்னே பாய்ந்து எதிரியின் அடியை வாங்கிற்று. நன்று! உடனே கார்ச்சொம்பை நிலநடுக்கம் செய்யுமாறு ஏவினோம். நிலநடுக்கமோ பக்கத்தில் நிற்போர் அனைவரையும் ஆட்டுவது. எதிரி என்றும் தோழன் என்றும் அது பார்ப்பதில்லை. மின்சார இயல்பினர் நிலத்துக்கு இளைத்தவர்கள். அடி வாங்கித் தளர்ந்து நின்ற எமது அணில் எமது கையினாலேயே மாண்டது.

“உதவிக்கு ஆளைக் கூட்டியந்திட்டு நீங்களே அடிச்சுப்போட்டியளே, மாமா!” என்று பையன் விழுந்து விழுந்து சிரித்தான். அடுக்களையில் நின்ற தமக்கையார் எட்டிப் பார்த்தார். அந்தச் சிரிப்பை அவரும் கேட்டு நெடுநாளாயிற்று என்பதை அவர் முகம் சொல்லிற்று.

சிரிப்பு அடங்கியபின் அவன் விளக்கினான். கார்ச்சொம்புக்கு நிலத்தின் இயல்பும் உண்டு. மின்சாரம் அதனைத் தீண்டவே தீண்டாது. மின்னலைத் தடுக்கும் காவலனை மின்னலுக்கு அஞ்சாதவன் பக்கத்தில் நிறுத்தியது மீனுக்குக் குடைபிடித்த கதையாம். அணில் சிறந்ததா, நாகம் சிறந்ததா என்ற கேள்விக்கு இவ்விளையாட்டில் விடையில்லை. எவனுடைய குறையை எவன் மறைக்கின்றான் என்பதே கேள்வி. வென்றவரின் அணியைப் பார்த்து எழுதுவோர் பலர். வென்ற காரணத்தையும் சேர்த்து எழுதாவிடிற் பயனில்லை.

மறைத்த கை

மூன்றாம் ஆட்டத்தில் மற்றொன்று கற்றோம். சதுரங்கத்தில் ஒருவர் காய் நகர்த்தியபின் மற்றவர் நகர்த்துவார். இங்கோ இருவரும் ஒரே வேளையில், ஒருவருக்கொருவர் தெரியாமல் முடிவு செய்கின்றனர். உத்தியோகப் போட்டிகளில் ஒரு சுற்றுக்கு 45 வினாடிதான் அவகாசம். ஆகவே எதிரியின் பிராணியை மட்டும் பார்த்தாற் போதாது; எதிரியின் நெஞ்சையும் பார்க்கவேண்டும்.

எமது நெருப்புப் பிராணியின் எதிரே புல் நிற்கின்றதென வைத்துக்கொள்வோம். எரிப்பதுதான் நியாயம். ஆனால் எதிரி மூடனல்லன். அவன் புல்லை அழைத்துக்கொண்டு நீரை இறக்குவான். அதனை முன்னறிந்தால், வருகின்ற நீருக்கு ஏற்ற அடியை இப்பொழுதே விடவேண்டும். அவனோ நாம் முன்னறிவோம் என்பதையும் அறிந்து, புல்லையே நிறுத்தி வைத்தால்? எந்த அடியையும் தடுக்கும் ‘காப்பு’ என்றொரு வித்தையும் உண்டு. ஆனால் அடுத்தடுத்துச் செய்தால் அது பெரும்பாலும் பலியாது. எப்பொழுது காப்பது, எப்பொழுது துணிவது? சீட்டாடுவோர் இதனை நன்கு அறிவர்.

இணையத்தில் முன்பின் அறியாதவரோடு ஆடும்போது தராதரம் அறிய ஒரு புள்ளிமுறை உண்டு. அது ஆர்பாத் ஏலோ என்னும் பௌதிகப் பேராசிரியர் சதுரங்கத்திற்கென வகுத்தது. அந்தத் தளத்தில் எல்லாரும் 1000 புள்ளியில் தொடங்குவர். வல்லவரை வென்றால் மிகுதியாக ஏறும். மெலியவரிடம் தோற்றால் மிகுதியாக இறங்கும். எமது மருமகன் 1400 இல் நிற்கின்றான்.

ஓர் அப்பியாசப் புத்தகம்

எழும்ப வேண்டிய வேளை வந்தபோது, மேசையிற் கிடந்த ஓர் அப்பியாசப் புத்தகத்தைத் தற்செயலாக விரித்தோம். வெற்றிகள் ஒன்றும் அதில் இல்லை. தோல்விகள் மட்டுமே திகதியோடு எழுதப்பட்டிருந்தன. ஒவ்வொன்றின் எதிரேயும் ஒரு காரணம்: ‘அவசரப்பட்டேன்’, ‘வேகத்தைக் கணக்குப் பார்க்கவில்லை’, ‘பயந்து இரண்டாந் தரமும் காப்புச் செய்தேன்’. ஓரிடத்திலேனும் எதிரியைக் குறை சொல்லவில்லை; அதிர்ஷ்டத்தையும் நொந்துகொள்ளவில்லை. எமது உத்தியோக காலம் முழுவதிலும் இத்தகைய ஒரு புத்தகத்தை நாம் எழுதியதில்லை என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கின்றோம்.

அதனை எடுத்துச் சென்று அத்தானிடம் கொடுத்தோம். அவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, முன்வாசலில் இருந்து நான்கு பக்கம் வாசித்தார். ஒன்றும் பேசவில்லை. பிறகு, “கையெழுத்து இன்னும் திருந்தேல்லை” என்றார். அத்தானை அறிந்தவர்களுக்கு அது சம்மதம் என்பது விளங்கும்.

அவர் கவலைப்பட்டதிற் பிழையில்லை. மாலை முழுவதையும் விழுங்கும் எந்த விளையாட்டும் நன்றன்று. முகமறியாதவரோடு உரையாடுவதிற் பிள்ளைகளுக்கு எச்சரிக்கை வேண்டும். காசு கேட்கும் பதிப்புகளிற் பெற்றார் கண் வைக்கவேண்டும். ஆதலின் ஓர் ஒப்பந்தம் செய்தோம். சனியும் ஞாயிறும் ஒவ்வொரு மணிநேரம். ஞாயிற்றுக்கிழமைகளில் எதிராளி மாமன்.

இதுவரை பதினொரு ஞாயிறுகள் ஆகிவிட்டன. நாம் இருமுறை வென்றுள்ளோம். அவற்றுள் ஒன்று அவன் விட்டுக்கொடுத்தது என்பது எமது சந்தேகம். ஆட்டம் தொடங்குமுன் எமது ஆறு பெயர்களையும் அவன் வாங்கிப் பார்ப்பான். எண்களைப் பார்ப்பதில்லை. “சரி மாமா, இதிலை ஆர் ஆரைக் காப்பாத்துறது?” என்று கேட்பான். அதற்கு விடை சொல்ல இயலாத நாட்களில், களத்தில் இறங்குமுன்னரே நாம் தோற்றுவிட்டோம் என்பது இருவருக்கும் தெரிந்துவிடும்.