ஜவ்வரிசி சைவமா?

ஓமலூர் கடைவீதியில் மளிகைக் கடை வைத்திருக்கும் நமது சங்க அன்பர் ஒருவரிடம், விரத நாளுக்கு முந்தின நாள் காலை ஓர் அம்மையார் வந்தார். இரண்டு நாள் முன்பு வாங்கிப் போன ஒரு கிலோ ஜவ்வரிசிப் பொட்டலத்தைப் பிரிக்காமலே மேசைமேல் வைத்தார்.

"ஏனுங்கண்ணா, இது சைவந்தானுங்களா?"

அன்பருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அம்மையார் சிரிக்கவில்லை. கைப்பேசியை எடுத்து நீட்டினார். அதில், "உங்களுக்குத் தெரியுமா?" என்று தொடங்கும் ஒரு செய்தி. சேலத்திலிருந்து கோவை போகும் சாலையில் ஜவ்வரிசி ஆலைகள் இருக்கின்றனவாம். பெரிய பெரிய குழிகளில் கிழங்குக் கூழை மாதக் கணக்கில் அழுக விடுகிறார்களாம். இரவில் விளக்கு எரிவதால் பூச்சிகள் வந்து விழுகின்றனவாம். புழு நெளியும் அந்தக் கூழைக் காலால் மிதித்து உருட்டி விற்கிறார்களாம். ஆகவே விரதம் இருப்பவர்கள் ஜவ்வரிசியைத் தொடக்கூடாதாம்!

இந்தக் கதை புதிதன்று. கைப்பேசியில் செய்தி அனுப்பும் வழக்கம் வருவதற்கு முன்பே மின்னஞ்சலில் வடநாடு முழுவதும் சுற்றியதுதான். நாம் அதைச் சிரித்துவிட்டு ஒதுக்க முடியாது. ஏனென்றால், சேலம் ஜவ்வரிசியை மூட்டை மூட்டையாக வாங்குவது மராட்டியம், குஜராத், மத்தியப் பிரதேசம் ஆகிய மாநிலங்கள். அங்கே ஏகாதசிக்கும் நவராத்திரிக்கும் சிவராத்திரிக்கும் விரத உணவு சாபுதானா கிச்சடிதான். விரதம் இருப்பவர் மனத்தில் 'புழு' என்ற ஒரு சொல் விழுந்தால், நம் தோட்டத்துக் குச்சிக்கிழங்கின் விலை இறங்குகிறது.

நமக்கு விந்தைச் செய்தி என்றால் ஆசைதான். பத்திரிகையில் பக்கம் நிரம்பாத இடத்தில் போடும் துணுக்குகளைத்தான் பலர் முதலில் படிக்கிறோம். தப்பில்லை. ஆனால் வியாபாரி எந்தச் சரக்கையும் சாம்பிள் பார்க்காமல், சீட்டு இல்லாமல் இறக்குவதில்லை. துணுக்கை மட்டும் ஏன் அப்படியே இறக்கிக்கொள்ள வேண்டும்? நம் கடையில் இருக்கும் சரக்குகளைப் பற்றிய சில விந்தைகளை இங்கே சீட்டோடு பார்ப்போம். ஜவ்வரிசியில் தொடங்குவதே முறை.

கிச்சடிக்குள் அமெரிக்கா

சாபுதானா கிச்சடியில் என்னென்ன சேருகிறது? ஜவ்வரிசி, உருளைக்கிழங்கு, வறுத்த நிலக்கடலை, பச்சை மிளகாய். இந்த நான்குமே அமெரிக்கக் கண்டத்துச் சரக்கு! மரவள்ளியும் நிலக்கடலையும் தென் அமெரிக்காவில் பிறந்தவை. உருளை ஆண்டிஸ் மலையைச் சேர்ந்தது. மிளகாய் மெக்சிகோவும் அதைச் சுற்றிய நாடுகளும் வளர்த்த பயிர். 1498-ல் வாஸ்கோ ட காமா கள்ளிக்கோட்டையில் இறங்கிய நாளில் இந்த நான்கில் ஒன்றைக்கூட இந்தியாவில் யாரும் கண்டதில்லை. நம் பாட்டன்மார் காரத்துக்கு மிளகைத்தான் நம்பியிருந்தார்கள். புதிதாக வந்த காய் மிளகைப் போல உறைத்ததால் மிளகாய் என்று பெயர் வைத்துச் சொந்தமாக்கிக்கொண்டார்கள். நிலக்கடலையை வட மாவட்டங்களில் மணிலாக்கொட்டை என்பார்கள். பிலிப்பைன்ஸ் தலைநகரின் பெயரை அந்தக் கொட்டை இன்னும் சுமந்துகொண்டிருக்கிறது. சாஸ்திரம் எழுதிய காலத்தில் இல்லாத நான்கு பொருள்கள் சேர்ந்து, அரிசியும் கோதுமையும் ஆகாத நாளில் ஆகும் உணவாகிவிட்டன. தானியம் அல்ல என்பதுதான் காரணம்.

இன்னொரு விந்தை, ஜவ்வரிசி ஆதியில் மரத்திலிருந்து கிடைத்த பொருள். நியூகினி, மொலுக்கா தீவுகள், சரவாக் பக்கம் சதுப்பு நிலத்தில் சேகோ என்னும் பனை வகை வளர்கிறது. பூக்கும் முன் அதை வெட்டிப் பிளந்து, தண்டின் உள்சோற்றை இடித்துக் கரைத்து மாவு எடுப்பார்கள். ஒரு மரத்தில் 150 முதல் 300 கிலோ வரை மாவு கிடைக்கும். 13-ம் நூற்றாண்டின் கடைசியில் சுமத்ரா வழியாகச் சென்ற மார்க்கோ போலோ, மரத்திலிருந்து மாவு எடுக்கும் மக்களைப் பற்றி எழுதி வைத்திருக்கிறார். நம் நாட்டுக்கும் முன்பெல்லாம் ஜவ்வரிசி மலாய் நாட்டிலிருந்து கப்பலில்தான் வந்தது.

மீன் வியாபாரி தொடங்கிய தொழில்

1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் ஜப்பானியர் கைக்குப் போனது. மலாய் நாட்டுச் சரக்கு நின்றுபோனது. அப்போது சேலத்தைச் சேர்ந்த மாணிக்கம் செட்டியார் என்பவர் மீன் வியாபாரத்துக்காக அடிக்கடி கேரளம் போய்வருவார். அங்கே மரவள்ளி ஏற்கெனவே ஏழைகளின் சோறாக இருந்தது. திருவிதாங்கூரை 1880 முதல் 1885 வரை ஆண்ட விசாகம் திருநாள் மகாராஜா அந்தப் பயிரை ஊக்கி வளர்த்தவர். மலாய் நாட்டில் இருந்து வந்த, ஜவ்வரிசித் தொழில் தெரிந்த போபட்லால் ஷா என்பவரைச் செட்டியார் சந்தித்தார். பனைமாவில் செய்வதைக் கிழங்குமாவில் செய்தால் என்ன என்று இருவரும் 1943-ல் சேலத்தில் தொடங்கியதுதான் இன்றைய சேகோ தொழில். எந்திரம் கிடையாது. கையால் அரைத்து, துணியில் குலுக்கி உருட்டி, சட்டியில் வறுத்தார்கள். மறு வருடமே பஞ்சம் என்று சொல்லி, மரவள்ளிச் சரக்குகளை மாவட்டத்துக்கு வெளியே அனுப்பக் கலெக்டர் தடை போட்டார். உற்பத்தியாளர்கள் 1945-ல் சங்கம் கூட்டி, மேலே முறையிட்டுத் தடையை நீக்க வைத்தார்கள். சங்கம் எதற்கு என்று கேட்கும் இளைய வணிகர்கள் இதைக் குறித்துக்கொள்ளலாம். 1981-ல் 'சேகோசர்வ்' கூட்டுறவுச் சங்கம் உருவானது. 2023-ல் சேலம் ஜவ்வரிசிக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது.

இனி அந்தப் புழுக் கதைக்கு வருவோம். கிழங்கைப் பிடுங்கிய இரண்டொரு நாளுக்குள் ஆலைக்குக் கொண்டுபோய் அரைத்தாக வேண்டும். தாமதித்தால் கிழங்கு கறுக்கும், மாவு குறையும், நிறம் போகும். நிறம் போனால் மூட்டைக்கு விலை இல்லை. நாலு காசு குறைந்தாலும் கணக்குப் பார்க்கும் ஆலைக்காரர், மாதக் கணக்கில் அழுக விட்டுத் தன் முதலைத் தானே அழிப்பாரா? நடப்பது என்னவென்றால், தோல் நீக்கிக் கழுவி, அரவை எந்திரத்தில் அரைத்து, பாலை வடித்துத் தொட்டியில் சில மணி நேரம் தெளிய விடுவார்கள். அடியில் படிந்த மாவை எடுத்துக் குலுக்கி உருண்டையாக்கி, வறுத்து அல்லது ஆவியில் வேகவைத்து, சிமெண்டுக் களத்தில் வெயிலில் காய வைப்பார்கள். பிழிந்த சக்கைக்குத் திப்பி என்று பெயர். அது மாட்டுத் தீவனம். ஆவியில் வெந்து கண்ணாடி போல் இருப்பதை 'நைலான் ஜவ்வரிசி' என்கிறோம். அந்தப் பெயரைக் கேட்டே அதில் பிளாஸ்டிக் கலந்திருக்கிறது என்று பயந்தவர்களும் உண்டு! பெயர் வைக்கும்போது நாமும் கொஞ்சம் யோசித்திருக்கலாம்.

உண்மையான விந்தை கிழங்குக்குள்ளேயே இருக்கிறது. பச்சை மரவள்ளியில் சயனைடு உண்டாக்கும் பொருள் உள்ளது, தோலில் அதிகம். தழையை அளவுக்கு மீறித் தின்ற ஆடு மாடு சுருண்டு விழுவதை நம் பக்கத்துத் தோட்டக்காரர்கள் அறிவார்கள். அமேசான் காட்டு மக்கள் கிழங்கைத் துருவி, பிரம்பில் பின்னிய நீண்ட பையில் அடைத்து, மரத்தில் தொங்கவிட்டு இழுத்துப் பிழிவார்கள். நஞ்சு சாற்றோடு வெளியேறும், மீதியை நெருப்பு போக்கும். நம் ஆலைகளில் அரைத்தலும் கழுவுதலும் வறுத்தலும் செய்வது அதே வேலையைத்தான். தைவான் நாட்டில் 1980-களில் இந்தக் கிழங்கு மாவு உருண்டைகளைத் தேநீரில் போட்டு விற்கத் தொடங்கினார்கள். இன்று அது உலகெங்கும் ஓடும் வியாபாரம். சேலத்தில் வைத்துக்கொண்டு நாம் ஏன் பாயசத்தோடு நின்றுவிட்டோம் என்பது தனியே பேச வேண்டிய விஷயம்.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். புழுக் கதை பொய். ஆனால் மக்காச்சோள மாவைக் கலப்பது, வெண்மைக்காக ரசாயனம் சேர்ப்பது பற்றிய புகார்கள் பொய்யல்ல. வதந்தியைக் கண்டு கோபப்படும் நாம், இதைக் கண்டும் கோபப்பட்டால்தான் வாடிக்கையாளர் நம் பேச்சை நம்புவார்.

மற்ற டப்பாக்கள்

ஜாதிக்காய் டப்பாவைத் திறந்தால் நியூயார்க் தெரியும். இந்தோனேசியாவின் பாண்டா தீவுகளில் ரன் என்று சுமார் 3 கிலோமீட்டர் நீளமுள்ள ஒரு சிறு தீவு. ஜாதிக்காய் அன்று அந்தத் தீவுக் கூட்டத்தில் மட்டுமே விளைந்தது. ஆங்கிலேயரும் டச்சுக்காரரும் அதற்காக அடித்துக்கொண்டார்கள். 1667-ல் பிரெடா உடன்படிக்கையின்படி ரன் தீவு டச்சுக்காரருக்கு என்றும், அவர்களிடமிருந்து ஆங்கிலேயர் பிடித்திருந்த மன்ஹாட்டன் பகுதி ஆங்கிலேயருக்கு என்றும் ஆயிற்று. அன்று லாபம் யாருக்கு என்று கேட்டால் எல்லோரும் டச்சுக்காரரைத்தான் காட்டியிருப்பார்கள்.

பெருங்காயம் இல்லாத சாம்பார் உண்டா? ஆனால் 2020 வரை அந்தச் செடியை இந்தியாவில் யாரும் பயிரிட்டதில்லை. ஆப்கானிஸ்தான், ஈரான், உஸ்பெகிஸ்தான் நாடுகளிலிருந்து வருடத்துக்குச் சுமார் 1,200 டன் கச்சாப் பெருங்காயம் வந்துகொண்டிருந்தது. 2020 அக்டோபரில்தான் இமாசலப் பிரதேசத்தின் லாஹௌல் பள்ளத்தாக்கில், பாலம்பூர் ஆய்வு நிலையத்தார் முதல் நாற்றை நட்டார்கள்.

மிளகின் பெருமையைச் சொல்லி முடியாது. சுமார் 3,200 ஆண்டுகளுக்கு முன் இறந்த எகிப்து மன்னன் இரண்டாம் ராமசேஸின் பதப்படுத்திய உடலில், மூக்குத் துவாரத்துக்குள் மிளகு இருந்தது. கி.பி. 408-ல் ரோம் நகரை முற்றுகையிட்ட அலாரிக், விலகிப் போகப் பொன்னும் வெள்ளியும் கேட்டதோடு 3,000 பவுண்டு மிளகும் கேட்டு வாங்கினான்.

இதற்கெல்லாம் சீட்டு உண்டா என்றால், உண்டு. வியன்னா நூலகத்தில் எகிப்திலிருந்து கிடைத்த ஒரு பாப்பிரஸ் ஓலை இருக்கிறது. கி.பி. 2-ம் நூற்றாண்டைச் சேர்ந்தது. முசிறித் துறைமுகத்துக்கும் அலெக்சாண்டிரியாவுக்கும் இடையே நடந்த வியாபாரத்துக்கான கடன் பத்திரம் அது. பின்பக்கத்தில் ஹெர்மபோலன் என்ற கப்பலில் வந்த சரக்கின் கணக்கு. வரி போக மதிப்பு ஏறக்குறைய 70 லட்சம் ரோமானியக் காசு. வரி எவ்வளவு தெரியுமா? நூற்றுக்கு 25! ஜி.எஸ்.டி.யைப் பற்றிப் புலம்பும் அன்பர்கள் ஆறுதல் கொள்ளலாம்.

தாய்லாந்தில் கிராபி மாகாணத்துக் குளோங் தோம் ஊர் அருங்காட்சியகத்தில் ஒரு சிறு உரைகல் உள்ளது. அதில் தமிழ் பிராமி எழுத்தில் 'பெரும்பதன் கல்' என்று பொறித்திருக்கிறது. கி.பி. 3-ம் நூற்றாண்டை ஒட்டியது. பொன் உரைத்துப் பார்க்கும் தம் கல்லில் பெயர் வெட்டி வைத்த தட்டார் எத்தனை முன்யோசனைக்காரர்! நியூசிலாந்தில் நடந்தது இன்னும் வேடிக்கை. 1836-ஐ ஒட்டி வில்லியம் கொலன்சோ என்ற பாதிரியார், மாவோரி மக்கள் ஒரு வெண்கலப் பாத்திரத்தில் உருளைக்கிழங்கு வேகவைப்பதைக் கண்டார். இரும்புச் சட்டி ஒன்றைக் கொடுத்து அதை மாற்றிக்கொண்டார். அது பாத்திரமல்ல, உடைந்த கப்பல் மணியின் மேல்பாதி. அதில் தமிழ் எழுத்து! முகைதீன் பக்ஸ் என்பவரின் கப்பல் மணி என்ற பொருள்பட எழுதியிருந்தது. இன்று வெலிங்டன் நகர அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அந்தப் பண்டமாற்றில் பாதிரியார் நஷ்டப்படவில்லை.

சீட்டு இல்லாத சரக்கையும் சொல்லிவிடுகிறேன். ரோமானியச் சிப்பாய்களுக்கு உப்பையே சம்பளமாக அளந்தார்கள் என்று எல்லாத் துணுக்குகளிலும் படித்திருப்பீர்கள். ஆங்கிலத்தில் சம்பளத்தைக் குறிக்கும் சொல் உப்பைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது உண்மை. ஆனால் உப்பை அளந்து கூலி கொடுத்தார்கள் என்று அக்காலத்து எழுத்தாளர் எவரும் எழுதவில்லை. 2017-ல் கல்கத்தாவில் கிளம்பிய பிளாஸ்டிக் முட்டை வதந்தியும் இதே ரகம். நாமக்கல் முட்டை விற்கும் விலைக்கு ஓடு, வெள்ளைக்கரு, மஞ்சள்கரு, உள்ளே மெல்லிய சவ்வு என்று நான்கையும் பிளாஸ்டிக்கில் செய்து தர எந்த ஆலைக்குக் கட்டுப்படியாகும்? கடையில் உட்கார்ந்திருக்கும் எவரும் ஒரு நிமிடத்தில் போடக்கூடிய கணக்கு இது.

ஓமலூர் அன்பர் அந்த அம்மையாரிடம் இவ்வளவையும் சொல்லவில்லை. கூட்டம் நின்றது. கிழங்கு இரண்டு நாளில் கறுத்துப்போகும் கணக்கை மட்டும் சொன்னார். பேச்சுவாக்கில் கிச்சடிக்குள் இருக்கும் நான்கு அமெரிக்கச் சரக்கையும் சொல்லிவைத்தார். அம்மையார் பொட்டலத்தைத் திரும்ப எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு, சற்று நின்று கேட்டார்:

"அப்படீன்னா நாளைக்கு மிளகாய்க்குப் பதிலா மிளகுதான் போடோணுங்களா?"

அன்பர் மறுபேச்சுப் பேசாமல் நூறு கிராம் மிளகு நிறுத்தார்.