மண்ணீரல் ஏன் பெருத்தது?

வயிற்றின் இடப்பக்கம், விலா எலும்புகளுக்கு அடியில், மூடிய கையளவில் ஓர் உறுப்பு இருக்கிறது. அதுவே மண்ணீரல். பெரியவர்களுக்கு அதன் எடை சுமார் 150 கிராம். முதிர்ந்த சிவப்பணுக்களை அது வடிகட்டி அழிக்கிறது. கிருமிகளை எதிர்க்கும் வெள்ளணுக்களுக்கு இருப்பிடமாகவும் விளங்குகிறது. நலமாயுள்ளவரைப் பொதுவாக எவ்வளவு அழுத்திப் பார்த்தாலும் அது கைக்குத் தட்டுப்படாது.

ராஜாஜி பிறந்த ஊரான தொரப்பள்ளி, ஓசூருக்கு அருகில் உள்ளது. அங்கிருந்து தொழிற்சாலைக்குச் செல்லும் ஐம்பது வயதுக்காரர் ஒருவருக்கு ஓயாத அசதி. சிறிது உண்டாலே வயிறு நிரம்பிவிடுகிறது என்று வைத்துக்கொள்வோம். மருத்துவர் தொட்டுப் பார்க்கிறார். மண்ணீரல் பெருத்திருக்கிறது! மலேரியா, டைபாய்டு, கல்லீரல் நோய் ஆகியவற்றையே அவர் முதலில் ஐயுறுவார். ஆங்கிலேயர் காலத்தில் ஓர் ஊரின் மலேரியாவை மதிப்பிட, குழந்தைகளின் மண்ணீரலைத்தான் தொட்டுப் பார்த்துக் கணக்கெடுத்தார்கள்.

அந்த நோய்கள் எதுவும் இல்லையெனில்? ஒரு துளி இரத்தம் மைக்ராஸ்கோப்பின் கீழ் வைக்கப்படுகிறது. சில வெள்ளணுக்களைச் சுற்றி மெல்லிய மயிர் போன்ற இழைகள் தெரிகின்றன! எதிர்ப்பொருளை உண்டாக்கும் இனத்தைச் சேர்ந்த 'பி' அணுக்கள் கட்டின்றிப் பெருகும் புற்றுநோய் இது. பெயர் 'ஹேரி செல் லுக்கீமியா'. பெர்த்தா பூரோங்கிள் என்ற பெண் மருத்துவரும் சகாக்களும் 1958-ல் அமெரிக்காவில் இதைத் தனி நோயாக விவரித்தனர்.

ஆனால் இழைகளை மட்டும் நம்பி முடிவு செய்யலாகாது. மண்ணீரலைப் பற்றும் வேறு சில அரிய 'பி' அணு லிம்போமாக்களிலும் இழைகள் உண்டு. ஆகவே எலும்பு மஜ்ஜையைச் சோதிப்பார்கள். ஹேரி செல் நோயில் மஜ்ஜை நார் பாய்ந்துவிடுவதால், ஊசியில் பல சமயம் எதுவுமே வராது! அடுத்து, ஒளிரும் சாயங்களைக் கொண்டு அணுக்களின் மேற்பரப்பிலுள்ள சி.டி. 25, சி.டி. 103 போன்ற அடையாளப் புரதங்களைத் தேடுவார்கள். 2011-ல் இத்தாலிய விஞ்ஞானிகள் சோதித்த 47 நோயாளிகளிடமும் 'பி-ராஃப்' என்னும் மரபணுவில் ஒரே மாற்றம் இருந்தது. அண்டையிலுள்ள பெங்களூரின் பெரிய மருத்துவமனைகளிலும், வேலூர் கிறிஸ்துவ மருத்துவக் கல்லூரியிலும் இத்தகைய சோதனைகளுக்கு வசதி உண்டு.

பெயரைக் கண்டறிவதில் ஏன் இத்தனை பாடு? சிகிச்சை அதைப் பொறுத்தது. 1990-ல் வெளியான ஆய்வில், கிளாட்ரிபின் மருந்தை 7 நாள் பெற்ற 12 ஹேரி செல் நோயாளிகளில் 11 பேரிடம் நோயின் சுவடே மறைந்தது. இதன் உறவு நோயான 'வேரியண்ட்' வகையோ அம்மருந்துக்கு மட்டும் எளிதில் பணிவதில்லை. 'விளிம்பு மண்டல லிம்போமா' என்னும் மற்றொரு வகையில், தொல்லை இல்லாதவரை கண்காணிப்பே போதுமானதாகலாம். ஒரு காலத்தில் ஹேரி செல் நோய்க்கு மண்ணீரலை அகற்றுவதே முக்கிய சிகிச்சையாக இருந்தது. இன்று நோய் இன்னதெனத் தெளிந்துவிட்டால், பெரும்பாலோர் கத்தி படாமலே குணம் காண்கிறார்கள்.