உதட்டு மெழுகுக் கறையும் அதனை நீக்கும் முறையும்

கருநாடக எல்லையை அடுத்த எங்கள் வேப்பனப்பள்ளியில் மார்கழிப் பனியால் உதடுகள் வெடித்துக் குருதி கசிதல் உண்டு. எங்கள் பாட்டிமார் வெண்ணெய் தடவி அதனை ஆற்றினர். இந்நாளிலோ விரலளவான குழலில் அடைத்த உதட்டு மெழுகு பலர் சட்டைப்பையிலும் இருக்கின்றது. உதட்டிற்கு நலஞ்செய்யும் அப்பொருள் ஆடையிற் பட்டுவிடின் எளிதில் அகலாத கறையாய் நிற்கும்.

யான் இதனை ஆராயப் புகுந்ததற்குக் காரணம் ஒன்றுண்டு. ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் வேலைசெய்யும் என் தமக்கையார், தம் முதல் மாத ஊதியத்தில் எனக்கு ஒரு வெள்ளைப் பருத்திச் சட்டை வாங்கித் தந்தார். அதன் பையில் மெழுகுக் குழல் இருந்ததை மறந்து, துவைத்து வெயிலில் உலர்த்திவிட்டேன். மெழுகு உருகிப் பரவியது. அஞ்சிச் சோப்பிட்டுத் தோய்த்தேன், பயனில்லை. சூட்டில் மறையுமென்று எண்ணி இஸ்திரிப் பெட்டியால் தேய்த்தேன். கறை இருமடங்காயிற்று.

என் பிழை யாது? உதட்டு மெழுகு ஒரு பொருளன்று. இரு பொருள்களின் கலவை. உறுதி தருவது மெழுகு. வழவழப்புத் தருவது எண்ணெய். பெரும்பாலும் சேர்க்கப்படும் தேன்மெழுகு ஏறத்தாழ 62 முதல் 65 பாகை செல்சியஸ் வெப்பத்தில் உருகும். இரண்டும் நீரிற் கரையா. மெழுகு மேலே மூடியிருக்கும்வரை சோப்பு எண்ணெயை எட்டாது. உறிஞ்சுவதற்கு ஒன்றையும் வையாது தேய்த்தாலோ, உருகிய மெழுகு நூலின் உள்ளே இறங்கிவிடும். ஆதலின் முதலில் மெழுகையும் பின்னர் எண்ணெயையும் நீக்குதல் வேண்டும்.

துணியினின்று மெழுகை நீக்குதல் நம் நாட்டார்க்குப் புதிதன்று. சோழமண்டலக் கரையில் சீட்டித் துணிக்கு வண்ணம் தீட்டியோர், நீலம் ஏறக்கூடாத இடங்களை மெழுகால் மூடி அவுரிச் சாயத்தில் தோய்த்தனர். பின் கொதிநீரில் இட்டு மெழுகை உருக்கி அகற்றினர். பிரெஞ்சு இயேசுசபைப் பாதிரியார் கெர்தூ, 1742-இல் எழுதிய கடிதத்தில் இத்தொழிலை விரித்துரைத்துள்ளார். எனினும் நம் ஆடைகள் யாவும் கொதிநீரைத் தாங்கா. ஆகவே கீழ்வரும் முறை தக்கது.

முதலாவது, கறையின்மேல் பனிக்கட்டியை வைத்து மெழுகை இறுகச் செய்து, கரண்டியின் விளிம்பால் மெல்லச் சுரண்டுக.

இரண்டாவது, அச்சிடாத வெள்ளைத் தாளைக் கறையின் மேலும் கீழும் வைத்து, மிதமான சூட்டில் தேய்க்க. உருகும் மெழுகைத் தாள் உறிஞ்சும். தாளை அடிக்கடி மாற்றுக. செய்தித்தாளாயின் மை ஒட்டும். நைலான், பட்டு முதலியவற்றிற்குக் குறைந்த சூடே போதும்.

மூன்றாவது, பாத்திரம் துலக்கும் திரவச் சோப்பை உலர்ந்த துணியிலேயே தடவிக் கால்மணி நேரம் விடுக. சோப்பின் நுண்கூறு ஒரு முனையால் எண்ணெயையும் மறுமுனையால் நீரையும் பற்றுவதால், எண்ணெய் நீரோடு வெளியேறும். பின் துணி தாங்குமளவு வெந்நீரில் அலசுக.

நான்காவது, மெழுகில் நிறம் கலந்திருப்பின், ஸ்பிரிட்டைப் பஞ்சில் தோய்த்து ஒற்றுக. முன்னதாக மடிப்போரத்தில் சோதித்துக்கொள்க. ஸ்பிரிட்டை நெருப்பிற்கோ சூடான பெட்டிக்கோ அருகில் கொண்டு செல்லற்க.

கறை முற்றும் நீங்கியதென்று அறியும்வரை துணியை நிழலிலேயே உலர்த்துக. ஈரத்தில் மறைந்த கறை உலர்ந்தபின் தோன்றுவதுண்டு. அப்பொழுது மீண்டும் தொடங்குக.

என் சட்டைக்கு இம்முறையை மும்முறை செய்தேன். பைக்குக் கீழே மெல்லிய நிழல் ஒன்று மட்டும் எஞ்சியது. அடுத்த விடுமுறையில் அதனையே உடுத்தி ஊர் சென்றேன். தமக்கையார் அதனைக் கண்டார், ஒன்றும் கூறிலர். இப்பொழுது துவைக்குமுன் பையைத் துழாவிப் பார்த்தல் எனக்கு வழக்கமாயிற்று. அறிந்த முறைகள் அனைத்தினும் அதுவே எளிது.