போலி கார்தான், ஆனால் போலீஸ் பிடிக்காது!

கள்ள நோட்டு அடித்தால் ஜெயில். போலி டாக்டர் ஊசி போட்டால் கையில் விலங்கு. சரி, போலி கார் செய்தால்?

இங்கிலாந்தில் வீட்டுக் கொட்டகையிலேயே போலி கார் செய்கிறார்கள். அதற்கு நம்பர் வாங்குகிறார்கள். போலீஸ்காரர் கண் எதிரிலேயே ஜம்மென்று ஓட்டிக்கொண்டு போகிறார்கள். யாரும் கை காட்டி நிறுத்துவதில்லை!

சட்டம் தூங்குகிறது என்று நினைத்துவிடாதீர்கள். அந்தக் கார் ரோட்டைத் தொடும் முன்பு ஒரு பரீட்சை எழுதியாக வேண்டும். கதவுப் பிடியிலிருந்து பெட்ரோல் மூடி வரை தடவித் தடவிப் பார்க்கும் பரீட்சை. பல வருஷ உழைப்பும், சேமித்து வைத்த பணமும் அந்த அரை நாளில் தராசில் ஏறி நிற்கும்.

அசல் எது?

முதலில் அசலைப் பார்ப்போம்.

அதன் பெயர் லான்சியா ஸ்ட்ராட்டோஸ். இத்தாலிக் கார். 'ராலி' பந்தயத்துக்கென்றே பிறந்தது. ராலி என்றால் ஒரே மைதானத்தைச் சுற்றிச் சுற்றி வரும் பந்தயம் அல்ல. மலைப் பாதை, பனி, சேறு, சரளைக்கல் எல்லாவற்றிலும் பறக்க வேண்டும்.

1970-ல் டூரின் நகரத்து மோட்டார் கண்காட்சியில், பெர்டோனே கம்பெனி ஒரு விசித்திரக் காரை வைத்தது. தரையிலிருந்து அதன் உயரம் மூன்று அடிகூட இல்லை! அதிலிருந்து கிளம்பியதுதான் ஸ்ட்ராட்டோஸ். உருவம் வரைந்தவர் மார்ச்செல்லோ காந்தினி. எஞ்சின் பெராரி கம்பெனியின் 'டினோ' வி-6, 2.4 லிட்டர். டிரைவர் முதுகுக்குப் பின்னால் குறுக்காக உட்கார்ந்திருக்கும். கதவுக்குள்ளே பெரிய பை மாதிரி ஒரு குழி. எதற்கு? ஹெல்மெட் வைக்க!

1974, 1975, 1976 என்று மூன்று வருஷம் தொடர்ந்து உலக ராலி பட்டம் லான்சியாவுக்கு. சாண்ட்ரோ முனாரி என்ற வீரர் 1975, 1976, 1977-ல் மாண்டி கார்லோ ராலியை இந்தக் காரிலேயே ஜெயித்தார். வெள்ளை, பச்சை, சிவப்பில் அந்நாளைய அலிட்டாலியா விமானக் கம்பெனியின் வர்ணம் பூசிய அந்தக் காரைப் படத்தில் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள்.

500 கார் கணக்கு

அந்தக் காலத்து விதி ஒன்று உண்டு. பந்தயத்துக்கு வரும் கார், பந்தயத்துக்கு மட்டும் செய்த காராக இருக்கக்கூடாது. பொதுஜனம் வாங்கி ரோட்டில் ஓட்டும்படி 500 கார் செய்து காட்ட வேண்டும். ஸ்ட்ராட்டோஸ் சேர்ந்த பிரிவுக்கு அதுதான் கணக்கு. ஆனால் மொத்தம் செய்தது 492 என்றுதான் வழக்கமாகச் சொல்கிறார்கள்.

ஐந்நூறுகூட இல்லாத கார். அதிலும் மலையில் உருண்டது எத்தனை, துருப்பிடித்தது எத்தனை! மிச்சம் இருப்பது கோடிக்கணக்கான ரூபாய்க்குப் போகிறது. பணக்காரர் கொட்டகையில் துணி போர்த்தித் தூங்குகிறது.

சின்ன வயதில் அந்தக் காரின் படத்தைச் சுவரில் ஒட்டி வைத்திருந்த மெக்கானிக்கும் குமாஸ்தாவும் என்ன செய்வார்கள்? அவர்களுக்காகப் பிறந்ததுதான் 'நகல் கார்'.

கொட்டகையில் பிறக்கும் கார்

இங்கிலாந்தில் இதற்கென்றே சின்னச் சின்னக் கம்பெனிகள் உண்டு. அடிச்சட்டம், கண்ணாடி இழை உடம்பு, கதவு, விளக்கு மூடி என்று பாகம் பாகமாக விற்பார்கள். வாங்கிக்கொண்டு போய் நாமே பூட்டிக்கொள்ள வேண்டும். எஞ்சினுக்குப் பெராரி வரை போக வசதி இல்லாதவர்கள் ஆல்ஃபா ரோமியோ வி-6 எஞ்சினைத் தேடிப் பிடிப்பார்கள்.

சனி, ஞாயிறு போகும். பொங்கல் தீபாவளி மாதிரி அவர்கள் கிறிஸ்துமஸும் போகும். "காரா, நானா, ஒண்ணு சொல்லுங்க" என்று வீட்டுக்காரம்மா கேட்கும் நாளும் வரும். கடைசியில் ஒரு நாள் எஞ்சின் உறுமும். கார் ரெடி!

ரெடியா? இன்னும் இல்லை. அது இன்னும் கார் அல்ல. நம்பர் இல்லாத உலோகக் குவியல்.

"அசல் ஸ்ட்ராட்டோஸ் ரோட்டில் ஓடிய கார்தானே, அதே மாதிரிதானே இதுவும்" என்று வாதாட முடியாது. அப்பா பாஸ் செய்தார் என்று பிள்ளைக்கு மார்க் போடுவார்களா? நகல் கார் தன் பரீட்சையைத் தானே எழுத வேண்டும்.

ஆபீசர் கையில் உருண்டை

இந்தப் பரீட்சைக்குப் பெயர் ஐ.வி.ஏ. தனி வாகன ஒப்புதல் என்று அர்த்தம். 1998-ல் எஸ்.வி.ஏ. என்ற பெயரில் கட்டாயமானது, 2009-ல் ஐ.வி.ஏ. ஆக மாறி இன்னும் கடுமையானது. பெரிய கம்பெனிகள் ஒரு மாதிரியைச் சோதனைக்குக் கொடுத்து, அதே போல லட்சம் கார் விற்கலாம். கொட்டகைக் காருக்கு அந்தச் சலுகை இல்லை. ஒரு கார், ஒரு பரீட்சை.

டி.வி.எஸ்.ஏ. என்ற அரசு நிறுவனத்தின் சோதனை நிலையத்துக்கு நாள் குறித்து வாங்க வேண்டும். நம்பர் இல்லாத காரை எப்படிக் கொண்டு போவது? இன்ஷூரன்ஸ் எடுத்து, குறித்த நாளில் நேரே சோதனைக்கு ஓட்டிப் போகச் சட்டம் இடம் கொடுக்கிறது. வழியில் நண்பர் வீட்டில் காட்டிவிட்டுப் போகலாம் என்று திரும்பினால் வம்பு! அதனாலேயே பலர் வண்டியில் ஏற்றித்தான் கொண்டு போகிறார்கள்.

உள்ளே போனதும் ஆபீசர் எடுப்பது 100 மில்லிமீட்டர் குறுக்களவுள்ள ஓர் உருண்டை. காரின் வெளி உடம்பில் அந்த உருண்டை தொடும் விளிம்பெல்லாம் மழுங்கியிருக்க வேண்டும். வளைவின் ஆரம் 2.5 மில்லிமீட்டருக்குக் குறையக்கூடாது. அதைவிடக் கூர்மையா? பெயில்!

"இதென்னய்யா அநியாயம், ஒரு தகடு முனைக்குப் போய்..." என்று தோன்றும். கொஞ்சம் யோசியுங்கள். பள்ளிக்கூடம் விட்டு ஓடிவரும் குழந்தை மேல் அந்தக் கார் உரசினால்? மழுங்கிய விளிம்பு சிராய்க்கும். கூர் விளிம்பு கிழிக்கும். அந்த 2.5 மில்லிமீட்டர் யாருடைய கன்னத்துக்காக என்று இப்போது புரிகிறதல்லவா!

உள்ளேயும் அதே கதைதான். விபத்தில் தலை மோதும் இடத்தில் சுவிட்ச் முனை நீட்டிக்கொண்டிருக்கக்கூடாது. பந்தயக் கார் போல இரும்புக் கூண்டு போட்டிருந்தால், தலை படும் இடத்தில் மெத்தை சுற்ற வேண்டும். ஸ்டீயரிங் தண்டு, மோதலில் மடங்க வேண்டும். ஈட்டி மாதிரி நெஞ்சில் பாயக்கூடாது.

கை பிரேக் விவகாரம்

பந்தய வீரனின் செல்லப் பிள்ளைகள் எல்லாம் இங்கேதான் மாட்டிக்கொள்ளும்.

ராலி காரில் கை பிரேக் எண்ணெய் அழுத்தத்தில் வேலை செய்யும். கொண்டை ஊசி வளைவில் சட்டென்று இழுத்தால் பின் சக்கரம் பூட்டிக்கொண்டு கார் சுழன்று திரும்பும். பார்க்கக் கண் கொள்ளாக் காட்சி! ஆனால் வண்டியை நிறுத்திவிட்டுப் போகும்போது எண்ணெய் கசிந்தால் கார் தானாக உருளும். ஆகவே நிறுத்தும் பிரேக்கைப் பிடித்து வைப்பது கம்பியோ இரும்புத் தண்டோ ஆக இருக்க வேண்டும். எண்ணெயை மட்டும் நம்பினால் ஒப்புதல் இல்லை.

முன் சக்கரத்துக்கு எவ்வளவு பிரேக், பின் சக்கரத்துக்கு எவ்வளவு என்று மாற்றும் திருகு ஒன்றும் ராலி காரில் உண்டு. இங்கே அதை இஷ்டத்துக்குத் திருக முடியாதபடி பூட்டிவிட வேண்டும். காரணம்? முன் சக்கரத்துக்கு முன்னால் பின் சக்கரம் பூட்டிக்கொண்டால் கார் பம்பரமாகச் சுற்றும். பந்தய வீரன் சமாளிப்பான். ஆபீஸ் போகிறவன் சமாளிப்பானா?

ஸ்டீயரிங்கைத் திருப்பிக் கையைத் தளர்த்தினால், சக்கரம் தானாக நேருக்கு வரப் பார்க்க வேண்டும். ஸ்பீடோமீட்டர் உண்மை வேகத்தைவிடக் குறைத்துக் காட்டவே கூடாது. ஓரளவு கூட்டிக் காட்டினால் மன்னிப்பு உண்டு. தரையோடு படுத்திருக்கும் ஸ்ட்ராட்டோஸுக்கு இன்னொரு தலைவலி: எதிரே வருகிறவர் கண்ணைக் கூசாத தாழ்ந்த ஒளி விளக்கு, தரையிலிருந்து 500 மில்லிமீட்டருக்குக் கீழே இருக்கக்கூடாது. நல்லவேளை, அந்தக் காரின் விளக்கு மூடியைத் திறந்துகொண்டு மேலே எழும்பும் ரகம்!

அப்புறம் சத்தம். புகைக் குழாய் வாயிலிருந்து அரை மீட்டர் தள்ளி, 45 டிகிரி கோணத்தில் கருவி வைப்பார்கள். எஞ்சினை உறும விடுவார்கள். 99 டெசிபலைத் தாண்டினால் போச்சு. அந்த வி-6 சங்கீதத்துக்காகவே காரைச் செய்தவர் முகத்தை அப்போது பார்க்க வேண்டும்!

பெட்ரோல் மூடி தொலைந்து போகாதபடி இணைத்திருக்க வேண்டும். திருட்டுத் தடுப்புப் பூட்டு வேண்டும். சீட் பெல்ட் பூட்டிய இடம் பலமாக இருக்க வேண்டும். பட்டியல் நீள்கிறது.

பெயில் ஆனால்?

முதல் முயற்சியிலேயே எல்லாரும் தேறுவதில்லை. ஒரு கண்ணாடியின் கோணம், ஒரு போல்ட்டின் முனை, எங்கோ உரசும் ஒரு பிரேக் குழாய் போதும். ஆபீசர் தவறுகளை எழுதிக் கையில் கொடுப்பார். சரி செய்து, மறு சோதனைக்குப் பணம் கட்டித் திரும்ப வர வேண்டும்.

சண்டை போட்டுப் பயனில்லை. விவரம் தெரிந்தவர்கள் அந்தச் சீட்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போய் ஸ்பானரை எடுக்கிறார்கள். உண்மையில் அது இலவச ஆலோசனை. தான் செய்த காரில் தன் பிள்ளையை உட்கார வைக்கும் முன்பு, வேறொருவர் கண் அதைப் பார்த்துவிட்டது!

'கியூ' என்றால் என்ன?

பாஸ் ஆனால் ஒப்புதல் சான்றிதழ் வரும். அதோடு முடிந்ததா? அடுத்த படி நம்பர். அது டி.வி.எல்.ஏ. என்ற வேறொரு அலுவலகம், வேல்ஸ் நாட்டு ஸ்வான்சீ நகரில் இருக்கிறது. விண்ணப்பம், கட்டும்போது எடுத்த போட்டோக்கள், வாங்கிய பாகங்களின் ரசீதுகள் எல்லாம் அனுப்ப வேண்டும். ரசீதைக் குப்பையில் போட்டவர்கள் இங்கே தலையில் கை வைக்கிறார்கள்!

பாகங்கள் எல்லாம் புத்தம் புதியதா? (புதிது போலவே புதுப்பித்த ஒன்றே ஒன்றுக்கு மன்னிப்பு உண்டு.) புது வருஷ நம்பர் கிடைக்கும். புது அடிச்சட்டத்தில், ஒரே பழைய காரிலிருந்து இரண்டு முக்கிய பாகங்கள் எடுத்துப் போட்டதா? அந்தப் பழைய காரின் வயதுக்கு ஏற்ற நம்பர். இரண்டும் இல்லாமல் அங்கொன்று இங்கொன்று பொறுக்கியதா? 'கியூ' எழுத்தில் தொடங்கும் நம்பர்தான்.

'கியூ' வந்தது 1983-ல். இந்தக் காரின் வயதும் பூர்வீகமும் சரியாகத் தெரியாது, வாங்குகிறவன் உஷாராக இருக்கட்டும் என்று நெற்றியில் எழுதி ஒட்டுகிற மாதிரி. அதைக் கழற்றிவிட்டு வேறு ஆடம்பர நம்பர் மாட்டவும் முடியாது. அதனால் கார் கட்டுகிறவர்களுக்கு 'கியூ' என்றாலே கசப்பு.

குறுக்கு வழிக்காரர்கள்

இங்கேதான் வில்லன் வருகிறான்.

பரீட்சைக்குப் பயந்தவன் என்ன செய்வான்? உடைத்துப் போட்ட பழைய கார் ஒன்றின் பதிவுப் புத்தகத்தை விலைக்கு வாங்குவான். அந்த நம்பரைத் தன் கொட்டகைக் காரில் மாட்டுவான். காகிதத்தில் அது ஒரு பழைய குடும்பக் கார். ரோட்டில் ஓடுவதோ ஸ்ட்ராட்டோஸ்! திருட்டுக் கார் கும்பல்கள் கையாளும் வித்தையும் இதேதான்.

மாட்டாமல் ஓடும் வரை ஜாலி. ஒரு விபத்து நடந்தால்? இன்ஷூரன்ஸ் கம்பெனி காகிதத்தையும் காரையும் ஒப்பிட்டுப் பார்க்கும். பணம் கிடைக்காமல் போகலாம். பதிவு ரத்தாகலாம். அடிபட்டவர் கதி என்ன? விவரம் தெரியாமல் அந்தக் காரை இரண்டாம் கையாக வாங்கியவர் கதி என்ன? பணமும் போச்சு, காரும் போச்சு!

இன்னொரு மோசடி, நகலை அசல் என்று விற்பது. அசல் ஸ்ட்ராட்டோஸின் அடிச்சட்ட எண் 829 ஏ.ஆர். என்று தொடங்கும். அந்த எண் மட்டும் போதாது, தகடு எவனும் அடிப்பான். கூடவே வண்டியின் பழைய சரித்திரமும் ஒத்துப் போக வேண்டும். பளபளப்பைப் பார்த்துப் பணத்தை எண்ணிக் கொடுத்தால், எண்ணியவர்தான் ஏமாளி.

ஒழுங்காகப் பரீட்சை எழுதிய நகல் காருக்கு இந்தப் பயம் எதுவும் இல்லை. "நான் நகல்தான்" என்று அதன் காகிதமே சொல்கிறது. யார் செய்தது, எப்போது செய்தது, எந்த எஞ்சின் என்று எல்லாம் வெளிச்சம்.

கடைசியில்...

நம்பர் பலகை மாட்டியாச்சு. வரி கட்டியாச்சு. இன்ஷூரன்ஸ் கையில். கொட்டகைக் கதவு திறக்கிறது.

தெருக்கோடியில் விடியற்காலை ரோந்து போலீஸ் கார் நிற்கிறது. இடுப்பு உயரத்தைக் கொஞ்சமே தாண்டிய அந்த ஆப்பு வடிவக் கார் உறுமிக்கொண்டு அதைக் கடக்கிறது. உள்ளே இருப்பவர் நெஞ்சில் படபடப்பு இல்லை. 99 டெசிபலுக்குள்தான் சத்தம். விளிம்பெல்லாம் மழுங்கல். காகிதமெல்லாம் சுத்தம்.

கார் போலி. ஓட்டுகிறவர் அசல்!